அந்த நாற்பது கிலோ

கதிர்,

உன் பெட்டி இருபத்து மூன்று கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று விமானக் கம்பெனிக்காரன் சொல்லிவிட்டான். காலையிலிருந்து உன் அம்மா பருப்புப்பொடியை உள்ளே வைக்கிறாள், நீ வெளியே எடுக்கிறாய். அவள் ஊறுகாயை வைத்தால் நீ போர்வையை எடுக்கிறாய். ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் தராசுக் கொக்கியில் தூக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, நோட்டில் எழுதிக்கொள்கிறாய். நான் பட்டறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இங்கே டீக்கடையில் வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முப்பது வருஷமாக ஜீப்புக்குப் பாடி கட்டிய கை இது. பேனா பிடித்து மூன்று வரிக்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. எழுத்துப்பிழை இருந்தால் சிரித்துக்கொள். விஷயத்தில் பிழை இருக்காது.

முந்தாநாள் உன்னை வழியனுப்ப வந்த சொந்தக்காரர்கள் நடுவில் உட்கார்ந்து நீ ஒன்று சொன்னாய். இங்கிலாந்தில் பழைய சீமைக்கார்களுக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் உன்னை எதைப் பார்த்து எடுத்தார்கள் என்று உன் மாமா கேட்டார். "நான் பண்ணுன தப்பச் சொன்னேன் மாமா, எடுத்துக்கிட்டாங்க. அந்த நாப்பது கிலோதான் எனக்கு வாத்தியாரு" என்றாய். மரம் ஈரம் குடிக்கும் என்பதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டேன், மலையில் ஸ்பிரிங் ஒடிந்தது, இனி எந்தக் கார் என்றாலும் ஈரத்துக்கென்று ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கிவிட்டுத்தான் எடைக் கணக்கைத் தொடங்குவேன் என்று அவர்களிடம் சொன்னதாகச் சொன்னாய். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போனேன். அந்த நாற்பது கிலோ எங்கிருந்து வந்தது என்று அந்த வீட்டில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு பொய்ப் பாடத்தை நீ கடல் தாண்டி எடுத்துக்கொண்டு போகிறாய். அங்கே அதை வைத்து அடுத்தவன் காருக்குக் கணக்குப் போடுவாய், தப்பாகப் போடுவாய். அதற்கு முன்னால் இதை நீ படித்தாக வேண்டும்.

இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. இதைப் போலவே இன்னொன்று எழுதிப் பட்டறைச் சுவரில் மாட்டப் போகிறேன். உன் தோல்வியைப் பார்த்து என்னைப் புகழ்ந்தவர்கள் அங்கேதான் நின்று புகழ்ந்தார்கள். அவர்களும் படிக்கட்டும்.

நம் ஊரில் கனம் என்பது பாராட்டுச் சொல், உனக்குத் தெரியும். ஏலக்காயை லிட்டர் படியில் தலைதட்டி அளந்து தராசில் கொட்டுவார்கள். எடை நின்றால் நல்ல காய், நிற்காவிட்டால் உள்ளே பொக்கு. அதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த ஊர், எல்லாவற்றையும் அந்தப் படியிலேயே அளக்கும். பெண் பார்க்கப் போனாலும் "கனமான இடம்" என்பார்கள். என் பட்டறைக்கு வரும் எஸ்டேட்காரர்கள் ஜீப்பின் பக்கத் தகட்டை முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். சத்தம் தகரம் மாதிரி கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஆழமாகக் கேட்டால் சரி என்று சாவியை வாங்கிக்கொள்வார்கள். நான் கட்டிய ஜீப்பில் மாடு முட்டினால் மாட்டுக்குத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று போடி ஊர் முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சில்தான் நான் வளர்ந்தேன், உன்னையும் வளர்த்தேன். தடித்த தகடு, கெட்டிச் சட்டம். இதைத் தவிர வேறு வித்தை இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் மத்தாயி முதலாளியின் காரை நான் முதலில் கட்டியதும் அந்தப் புத்தியில்தான். அவர் தாத்தா வாங்கிய சீமைக்கார். பின்னாளில் யாரோ அதன் பாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, பலகை அடித்து ஏலக்காய் மூட்டை ஏற்றினார்கள். அப்புறம் அதுவும் போய், சேசிஸ் என்கிற வெறும் அடிச்சட்டமும் எஞ்சினுமாக அவர் வீட்டுக் கொட்டகையில் கிடந்தது. தாத்தா அந்தக் காருக்குப் பக்கத்தில் நிற்கிற போட்டோ ஒன்றுதான் மிச்சம். அந்தப் போட்டோவில் இருக்கிற மாதிரி கட்டிக் கொடு, மலை மேல் குரங்கணி வரைக்கும் நானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று என்னிடம் வந்தார். நீ அப்போது சென்னையில் கார் கம்பெனியில் இருந்தாய். நான் தேக்கில் சட்டம் கோத்து, ஜீப்புக்குப் போடுகிற அதே தகட்டை வளைத்து, எட்டு மாதம் கட்டினேன். ஊரே வந்து தட்டிப் பார்த்தது. சத்தம் கோயில் மணி. ஆனால் கார் மலையடிவாரத்து முந்தல் மேட்டுக்கே பெருமூச்சு விட்டது. பின்சக்கரம் மட்காடில் உரசியது. பத்தே நாளில் கதவு தொங்கிப் பூட்டு சேரவில்லை. பழைய எஞ்சின், அதற்கு மூச்சு இல்லை என்று நான் பழியை எஞ்சின் மேல் போட்டேன்.

பொங்கலுக்கு வந்த நீ அந்தக் காருக்கு அடியில் படுத்து ஒரு மணி நேரம் பார்த்தாய். எழுந்து வந்து, முதலாளி இருக்கும்போதே, "எஞ்சின்ல கோளாறு இல்லப்பா. நாமதான் ஆனை மேல ஆனைய ஏத்தி வச்சிருக்கோம்" என்றாய். அந்தக் காலத்தில் கார்க் கம்பெனி சேசிசும் எஞ்சினும் மட்டும்தான் விற்கும், பாடியை வாங்குகிறவர் தனிப் பட்டறையில் கொடுத்துக் கட்டிக்கொள்வார், இன்ன எடைக்கு மேல் பாடி போகக் கூடாது என்று கம்பெனி கண்டித்துச் சொல்லும் என்று விளக்கினாய். வாங்குகிற ராஜாவும் ஜமீனும் சும்மா இருப்பார்களா? நடுவில் கண்ணாடித் தடுப்பு வை, சாராய அலமாரி வை, பின்னால் டிரங்குப் பெட்டிக்கு இடம் வை என்பார்கள். கனம் ஏறிக்கொண்டே போகும். பட்டறைக்காரன் பாடு அதைக் குறைப்பதுதான். இரும்புக்குப் பதில் அலுமினியம் போட்டான், மரச்சட்டத்தில் பாரம் விழாத இடத்தையெல்லாம் செதுக்கினான், மூட்டுக்கு மட்டும் இரும்புப் பட்டை வைத்தான். சிலர் தகடே வேண்டாம் என்று மரக்கூட்டின் மேல் துணியை இழுத்துக் கட்டினார்கள். "கனத்தக் கூட்டுறதுக்கு யாருனாலும் ஆகும்ப்பா. பலங்கொறையாம கனத்தக் கொறைக்கிறதுதான் அவங்க சோலியே" என்றாய். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். எனக்கு மட்டும் அது கன்னத்தில் விழுந்தது. முதலாளி அன்றைக்கே என்னைப் பார்க்காமல் உன்னைப் பார்த்து, "மோனே, நீ கட்டுவியா?" என்று கேட்டார்.

நீ வேலையை விட்டுவிட்டு வந்தாய். என் பட்டறையில் பாதி இடத்தை எடுத்துக்கொண்டாய். நான் எட்டு மாதம் கட்டியதை நாலு நாளில் பிரித்துப் போட்டாய். ஒவ்வொரு துண்டையும் முதலாளியின் ஏலக்காய்க் கடைக்குக் கொண்டுபோய் அங்கே இருந்த மேடைத் தராசில் நிறுத்தாய். காயை அளவு வாரியாகச் சலித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். "என்ன தம்பி, இந்தக் கதவு என்ன கிரேடு? எட்டு மில்லியா, ஏழா?" என்று ஒருத்தி கேட்டாளாம். நீயும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாய். கம்பெனி சொன்ன எடை என்ன என்பதை வெளிநாட்டில் யார் யாருக்கோ கடிதம் போட்டு வாங்கி வைத்திருந்தாய். நான் கட்டியது அதைப் போல ஒன்றரை மடங்கு. அந்த எண்ணைப் பட்டறைச் சுவரில் சாக்பீசால் எழுதினாய். உனக்கு அது கணக்கு. எனக்கு அது ஊர் பார்க்க ஒட்டிய போஸ்டர். நீ அதை வேண்டுமென்று செய்யவில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போதும் தெரிந்தது. பொறாமைக்காரனுக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் செய்வான்.

ஆமாம், பொறாமை. வேறு நல்ல பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அப்பனும் மகனும் ஒரே தொழிலில் நின்றால் வாய், வயிறு மட்டுமில்லை, கண்ணும் வேறாகிவிடுகிறது. எஸ்டேட்டில் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரத்தை நீ சட்டத்துக்கு எடுத்தபோது, விறகுக்கு ஆகும் என்று கிண்டல் பண்ணினேன். அதை நீ குடைந்து, இழைத்து, மூட்டு மூட்டாகக் கோத்து, ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தியபோது நான் டீ குடிக்கப் போய்விட்டேன். அலுமினியத் தகட்டில் நீ துணி சோப்பைத் தேய்ப்பாய். தீயைக் காட்டுவாய். சோப்பு காப்பி நிறத்துக்கு வந்தால் தகடு இளகிவிட்டது என்று தீயை எடுத்துவிட்டு, ஆறியதும் மணல் மூட்டை மேல் வைத்து மரச்சுத்தியால் தட்டுவாய். தகடு உன் பேச்சைக் கேட்டு வளையும். நீ ஒரு நாள் திண்டுக்கல்லுக்குத் திருகாணி வாங்கப் போயிருந்தபோது நானும் சோப்பைத் தேய்த்துப் பார்த்தேன். இரும்புக்குப் பழகிய கை, ஒரு விநாடி அதிகம் நின்றுவிட்டது. தகட்டில் தோசைக்கல் அகலத்துக்கு ஓட்டை. நீ வந்து ஒரு தகடு குறைகிறதே என்று தேடினாய். நான் எனக்குத் தெரியாது என்றேன். அது பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டிருந்தது.

செல்லப்பாண்டியை எடுத்துக்கொள். இருபது வருஷமாக என்னிடம் வெல்டிங் அடிக்கிறவன். நான் நில் என்றால் நிற்பான். அவனே ஒரு நாள் கையில் ராடை வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப்போய், "தம்பி, இது போதுமா, இன்னும் கொறைக்கணுமா?" என்று உன்னிடம் கேட்டான். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் உன்னைத் தகப்பன்சாமி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்பனுக்கே பாடம் சொன்ன சாமி. கேலிதான், என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சாம்பாரில் உப்பு இல்லை என்று சண்டை போட்டேன். உன் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "பெத்த பிள்ளை மேல வயிறெரியுற ஆளு இந்தப் போடியிலேயே நீங்க ஒருத்தர்தான். அவென் வளந்தா ஒங்களுக்கு என்ன கொறஞ்சு போகுது?" என்று கேட்டாள். எதுவும் குறையாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் குறைந்தது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

இனிமேல் எழுதுவதை நிதானமாகப் படி. பாடி முடிகிற நேரம். சீட்டு, கூரை, கதவு எல்லாம் ஏறிவிட்டது. பின்சீட்டுக்கு அடியில் தரைப்பலகை முடுக்கியாயிற்று, அதற்குக் கீழே அலுமினிய அடித்தகடு மட்டும் பாக்கி. நோட்டில் எல்லாவற்றையும் கூட்டி, கம்பெனி சொன்ன எடைக்குப் பதினொரு கிலோ கீழே நிற்கிறோம் என்று நீ பட்டறையில் எல்லாருக்கும் முறுக்கு வாங்கிக் கொடுத்தாய். மத்தியானம் சாப்பிடப் போகும் நேரத்தில், "நீ போய்ச் சாப்பிட்டு வா. அடித்தகட்ட நான் அடைச்சு வைக்கிறேன்" என்றேன். கதிர், உன் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? ஒரு வருஷமாக அந்தக் காரை நான் விரலால்கூடத் தொடவில்லை. அப்பா இறங்கி வந்துவிட்டார் என்று நினைத்தாய். ஸ்பேனரைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய். போகும்போது திரும்பி ஒரு தடவை பார்த்தாய்.

பட்டறை மூலையில் பழைய ஜீப்பு ஸ்பிரிங் பட்டைகள் கிடந்தன. ஆறு எடுத்தேன். தரைப்பலகைக்கும் அடித்தகட்டுக்கும் நடுவில், பின்கோடியில், ஆடாமல் கம்பி போட்டுக் கட்டினேன். மேலே தகட்டை அடைத்து, நீ கொடுத்த திருகாணிகளையே முடுக்கினேன். மலை ஏறும்போது பின்னால் கனம் இருந்தால்தான் சக்கரம் தரையைப் பிடிக்கும், ஜீப்பு டிரைவர்கள் வெற்று வண்டியில் மணல் மூட்டை போடுவதில்லையா, பையனுக்கு நல்லதுதான் செய்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்லதுதான் என்றால் உன்னிடம் சொல்லிவிட்டுச் செய்திருப்பேன். உன் கணக்கு பொய்க்க வேண்டும், அந்தச் சுவரில் எழுதிய எண்ணை நீயே அழிக்க வேண்டும், மறுபடி செல்லப்பாண்டி என்னிடம் வந்து கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அதுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் கதையைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம். நான் இரும்பை அலுமினியத்தில் மறைத்தேன்.

மறுநாள் குரங்கணிக்குப் போகும் முன் லாரி எடைமேடையில் ஒரு தடவை நிறுத்துவிடலாம் என்று நீ சொன்னாய். "எதுக்கு? ஒங் கணக்கு தப்பாதுடா. முதலாளி காத்துக்கிட்டு இருக்காரு, வெரசாக் கெளம்பு" என்றேன். உன்னை நான் வாயைத் திறந்து பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அதுவும் அதற்காக. நீ எவ்வளவு சந்தோஷமாக வண்டியை எடுத்தாய். நீ ஓட்டினாய், முதலாளி பக்கத்தில், நான் பின்னால் ஜீப்பில் செல்லப்பாண்டியோடு வந்தேன். முந்தல் மேட்டில் கார் ஒரு சத்தமும் இல்லாமல் ஏறியது. என் பாடியைச் சுமந்து திணறிய அதே எஞ்சின். செல்லப்பாண்டி "ஏ அப்பா!" என்றான். ஆற்றுப் பாலம் தாண்டி மூன்றாவது வளைவில் பின்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, டப் என்று சத்தம். பின்சக்கர ஸ்பிரிங்கின் மெயின் பட்டை ஒடிந்து, கார் பின்னால் சரிந்து, ஓரக்கல்லில் முட்டி நின்றது. அந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். கதவைத் திறந்து முதலாளியை இறக்கிவிட்டுத்தான் நீ இறங்கினாய். உன் இடது கையில் கண்ணாடி கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது. நீ பெட்டியைத் தூக்கி எடை பார்க்கும்போதெல்லாம் அது என் கண்ணில் படுகிறது.

பிறகு நீ எடைமேடைக்குக் கொண்டுபோனாய். வெறும் சேசிசை முதலில் எடை போட்ட அதே மேடை. உன் கூட்டலுக்கு மேல் நாற்பது கிலோ. ஒரு வாரம் நீ சாப்பாட்டில் கை வைக்கவில்லை. கதவைக் கழற்றி நிறுத்தாய், சீட்டைப் பிரித்தாய், பெயிண்டு எத்தனை டப்பா என்று எண்ணினாய். என்னிடம் வந்து, "அப்பா, அடித்தகடு நான் குடுத்த தகடுதான?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். அது பொய் இல்லை. அதற்கு மேல் நீ என்னைக் கேட்கவில்லை, அந்தத் தகட்டைத் திறக்கவும் இல்லை. அப்பா அடைத்தது என்று விட்டுவிட்டாய். கடைசியில் ஏலக்காய்க் கடையில் யாரோ மழைக்காலத்தில் காய் ஈரம் வாங்கி எடை ஏறும் என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு, மரமும் சீட்டில் அடைத்த தேங்காய் நாரும் மலைப்பனியைக் குடித்திருக்கிறது என்று நோட்டில் எழுதி முடித்தாய். நீ எழுதும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். அன்றைக்கு வாயைத் திறந்திருக்கலாம். நான் திறக்கவில்லை. புது மெயின் பட்டை மாட்டி, அதற்கு மேல் ஜீப்புப் பாணியில் இரண்டு பட்டை சேர்த்துக் காரைச் சரிசெய்து கொடுத்தேன். "என்னதான் படிச்சாலும் அப்பன் அப்பன்தாம்ப்பா" என்று பட்டறையில் எல்லாரும் சொன்னார்கள். நீயும் சொன்னாய். இரண்டு வருஷமாக அந்தப் புகழைத் தின்றுகொண்டிருக்கிறேன். அது செரிக்கவில்லை.

நேற்றுக் காலையில் நான் பட்டறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனது மத்தாயி முதலாளி வீட்டுக்கு. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உயிரும் அந்தக் காரில் இருந்தது, காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளத்தான் போனேன். அவர் உனக்குத் தெரியுமா என்றுதான் கேட்டார், "மோன் அறியுமோ?". இல்லை என்றேன். "அப்ப என்கிட்ட எதுக்கு வந்தீங்க? ஆத்யம், மொதல்ல அவன்ட்ட போங்க" என்று சொல்லிவிட்டு, கொட்டகைச் சாவியை எடுத்துக் கொடுத்தார். செல்லப்பாண்டியைக் கூட்டிக்கொண்டு போய் அடித்தகட்டைத் திறந்தேன். என் ஆறு பட்டையும் கட்டிய மாதிரியே இருந்தன. செல்லப்பாண்டி அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், குனிந்து கம்பியை அறுத்தான். நான் பெருமைக்குச் சேர்த்த இரண்டு பட்டைகளையும் கழற்றினேன். உன் நோட்டில் எழுதியிருந்தபடியே டேங்கில் பத்து லிட்டர் மட்டும் வைத்து, அதே எடைமேடைக்குக் கொண்டுபோனோம். ஆளை இறக்கிவிட்டு நிறுத்தோம். எடைச்சீட்டு இதோடு இருக்கிறது, எடுத்துப் பார். உன் கூட்டல் அப்படியே நிற்கிறது. அந்த மேடை பத்துப் பத்தாகத்தான் காட்டும், அதனால் ஒன்றிரண்டு கிலோ முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் அந்த மரம் இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது. நீ நினைத்த மாதிரி குடித்திருந்தால் காட்டியிருக்கும். ஏலக்காய்க் கடைத் தராசில் அந்த ஆறு பட்டையையும் தனியாக வைத்துப் பார்த்தேன், முப்பத்தெட்டரை.

அங்கிருந்து அப்படியே முதலாளியை ஏற்றிக்கொண்டு அந்த மூன்றாவது வளைவுக்குப் போனோம். ஏறியது. திரும்பி இறங்கி, மறுபடி ஏறினோம். பட்டை புதுசு, அதனால் இது சாட்சி இல்லை என்று நீ சொல்வாய். சரிதான். நூறு வருஷத்துப் பட்டை என் இரும்பு இல்லாமலே அன்றைக்கு ஒடிந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. உனக்கும் அதைத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் செய்துவிட்டேனே, அதுதான் என் குற்றம். ஒருவன் ஒரு வருஷம் உழைத்துத் தான் சரியா தப்பா என்று தெரிந்துகொள்ளப் போகிற நேரத்தில், அவன் தராசில் கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல. வியாபாரிகூட அந்நியனிடம்தான் அதைச் செய்வான்.

நோட்டில் ஈரம் என்று எழுதிய பக்கத்தை அடித்துவிடு. அந்த இடத்தில் என் பெயரை எழுது. அங்கே போன முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிடு: ஈரத்துக்கென்று நாற்பது கிலோ ஒதுக்க வேண்டியதில்லை, என் கணக்கு சரிதான், என் அப்பா இரும்பு வைத்தார் என்று. வெட்கப்படாமல் சொல். வெட்கம் எனக்கு, உனக்கில்லை. இன்னொன்றும் சொல்கிறேன், புத்தி சொல்கிற தகுதி போய்விட்டது என்றாலும். உனக்கும் வயசாகும். உன்னைவிடக் கெட்டிக்காரன் ஒருவன் உன் பக்கத்திலேயே சுத்தியல் தட்டுவான். வயிறு எரியும். எரியாது என்று எண்ணாதே, என் ரத்தம்தானே உன் உடம்பிலும் ஓடுகிறது. எரிகிற அன்றைக்கு அவனிடமே போய், "ஒன்னப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு" என்று சொல்லிவிடு. அவன் சிரிப்பான், இரண்டு பேரும் டீ குடிக்கப் போவீர்கள். சொல்லாமல் வைத்திருந்தால் அது எங்கேயாவது போய் இரும்பாகக் கிடக்கும்.

எனக்குப் பொறாமை தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. அந்த இங்கிலாந்துப் பட்டறைக்காரன் தினமும் காலையில் நீ தகடு தட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கப் போகிறான். ஒரு வருஷம் என் கண்முன்னே நடந்ததை நான் டீக்கடையில் உட்கார்ந்து பார்க்காமல் விட்டேன். அவன் மேல் இப்போதே பொறாமையாக இருக்கிறது.

கடைசியாக ஒன்று. நேற்று அடித்தகட்டைக் கழற்றும்போது ஒரு திருகாணி துருப்பிடித்து வரவில்லை. பழைய வழக்கத்தில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். கை வழுக்கி, பின்பக்கத் தகட்டின் கீழ்வளைவில், நீ பத்து நாள் தட்டித் தட்டி எடுத்தாயே அந்த வளைவில், கடலைப்பருப்பு அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. எடுக்கப் பார்த்தேன். அதை எடுக்க எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று உன்னிடம் சொல்வது இதுதான் முதல் தடவை. முதலாளியிடம் யாரும் அதைத் தொட வேண்டாம், மகன் வந்து எடுப்பான் என்று சொல்லியிருக்கிறேன். லீவு கிடைத்து வரும்போது எடுத்துக் கொடு. நான் எங்கேயும் போகாமல் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

உன் அப்பா